சாசுக்கழியின் பலகை

போன மாதம் வனத்துறையிலிருந்து இரண்டு பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். சாசுக்கழிக்குப் புதுப் பலகை வைக்கப் போகிறார்களாம். என்ன எழுதலாம் என்று பழைய ஆளிடம் கேட்டுவரச் சொல்லி மேலதிகாரி அனுப்பியிருந்தார். கையில் ஒரு மாதிரி வாசகமும் வைத்திருந்தார்கள். பெரிய பெரிய சொற்கள். ஒரே மூச்சில் படித்தால் நெஞ்சு வலி வரும். 'ஒதுக்கப்பட்ட' என்ற சொல் வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை.

"ஏன் சார் சிரிக்கிறீங்க?" என்றான் ஒருவன்.

"அந்த ஒரு சொல்ல எடுத்துடுங்க தம்பி. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றேன்.

காரணம் கேட்டார்கள். வாசலில் ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது. அவசரத்தில் சொல்லக் கூடிய விஷயம் இல்லை அது. நிதானமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பலகை செய்பவனுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் இது போய்ச் சேர்ந்தால் நல்லது.

காரைக்கால் பக்கம், போலகத்துக்குக் கிழக்கே, திருமலைராஜன் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தன் தண்ணீரைப் பக்கவாட்டில் கொஞ்சம் சிந்திவைத்திருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து நிற்கும் சேற்று நிலம். அலையாத்தியும் கண்டலும் நெருக்கியடித்து நிற்கும். வெளி ஓரத்தில் கோரை. ஐப்பசி மழை பிடித்ததும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் வந்து மரத்துக்கு மரம் கூடு வைக்கும். மாசி வரைக்கும் அங்கே ஒரு சந்தை இரைச்சல் இருக்கும். அதுதான் சாசுக்கழி. சாசு என்பது யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். மீதிப் பேர் அது ஒரு முனியின் பெயர் என்று சூடம் கொளுத்தினார்கள்.

இரண்டும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே ஒரு நீலத் தகரப் பலகை இருந்தது. 'ரெசேர்வ் தெ ஷாஸ்' என்று அதில் வெள்ளை எழுத்து. ரெசேர்வ் என்றால் ஒதுக்கிவைத்தது. ஷாஸ் என்றால் வேட்டை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் சட்டத்தில் வேட்டையாடவே கூடாத இடம் என்று பொருள். உயிர்கள் பெருகட்டும் என்று வேட்டையிலிருந்து விலக்கி வைத்த இடம். அந்த ஷாஸ்தான் ஜனங்கள் வாயில் புகுந்து சாசு ஆகிவிட்டது.

அங்கே எனக்குக் காவலாள் வேலை கிடைத்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். தோணி தள்ளத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன், வேலை முடிந்தது. பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. முதல் மழைக்காலம் முழுவதும் சேற்றில் விழுந்தேன். இரண்டாவது மழைக்காலம் குறைவாக விழுந்தேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

என் மேலதிகாரி முசியே சவரிநாதன். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்த கிறிஸ்துவக் குடும்பம். அப்பா சைகோனில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆள் பனைமரம். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தக்கைத் தொப்பி. விடியற்காலையில் முகம் மழிக்காமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. கழியில் அவர் முகத்தைப் பார்க்க நாரைகளைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அதுங்க பார்க்குதுல்ல?" என்றார்.

அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. சாதாரணமாக "கலியபெருமாளு, வாங்க" என்பார். கோல் தோணியில் தட்டிச் சத்தம் வந்தால், "கலியபெருமாளு அவர்களே" என்பார். கூட்டுக்குப் பக்கத்தில் நான் தும்மிவிட்டால், "ஐயா கலியபெருமாளு அவர்களே, கொஞ்சம் எறங்கிக் கரையில போயி தும்முறீங்களா?" என்பார். அவர் வாயிலிருந்து 'டா' என்ற எழுத்து வந்து நான் கேட்டதில்லை. தோணி தள்ளும்போது மட்டும் ஒரே ஒரு சொல்: "தூஸ்மான்." மெதுவாக என்று பொருள். நாளெல்லாம் முதுகுக்குப் பின்னால் தூஸ்மான், தூஸ்மான் என்று வந்துகொண்டே இருக்கும். கனவில்கூட வந்திருக்கிறது.

கழியைப் பார்க்க வருபவர்களுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ரோடு முடியும் இடத்தில் எங்கள் குடிசை. குடிசைக்கு முன்னால் பலகை. பலகையைத் தாண்டினால் தோணித்துறை. பலகைக்கு இப்பால் நின்றே எல்லாம் நடக்க வேண்டும். குடிசைச் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒரு ஆணியில் துப்பாக்கியை மாட்ட வேண்டும். வேட்டைக்கு வரவில்லை, சும்மா தோளில் கிடக்கிறது என்று யார் சொன்னாலும் சரி, மாட்டிவிட்டுத்தான் வர வேண்டும். இன்னொரு ஆணியில் அவருடைய பழைய பட்டாளத்துக் கோட்டு ஒன்று தொங்கும். சேற்று நிறம். வெள்ளை உடுத்தி வருபவர்கள் அதை மாட்டிக்கொண்டால்தான் தோணி நகரும். கழிக்குள் திடீரென்று வெள்ளையாக ஒன்று வந்தால் கூட்டில் இருப்பவை மிரண்டு எழும். தாய் எழுந்தால் காக்கை உட்காரும். முட்டை போயிற்று. இதை ஒவ்வொருவரிடமும், முதல் முறை சொல்வது போலவே சொல்வார்.

ஒரு தடவை காரைக்காலை நிர்வகித்த பிரெஞ்சு அதிகாரியே மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் கழுத்திலிருந்து கால்வரை பால் வெள்ளையில் கவுன் உடுத்தியிருந்தார். நான் சவரிநாதனைப் பார்த்தேன். மனிதர் சலாம் வைத்தார். வைத்த கையாலேயே கோட்டை எடுத்து நீட்டினார். அந்தக் கோட்டின் நாற்றம் எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிப் போட்டுக்கொண்டார். துரை தன் துப்பாக்கியைத் தானே ஆணியில் மாட்டினார். திரும்பிப் போகும்போது சவரிநாதன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஐம்பத்து நான்கில் கொடி மாறியது. ஊரில் வெடி வெடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். எனக்குச் சந்தோஷம்தான். சவரிநாதன் புதுக் கொடிக்கு விறைப்பாக நின்று சலாம் வைத்தார். பக்கத்தில் நின்ற ஒருவன், "பிரெஞ்சுக்காரன் ரொட்டி தின்ன கை, நல்லாத்தான் வெக்கிது" என்று காதுபடச் சொன்னான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வரும் வழியில் மட்டும் என்னிடம் கேட்டார்.

"கலியபெருமாளு, இந்தச் சர்க்காருக்கும் கழி வேணும்தானே?"

"வேணாம்னா சொல்லுவாங்க? நாரை என்ன பிரெஞ்சா பேசுது?" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனாலும் அந்தப் பயம் அவரை விடவில்லை. பென்ஷனுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. அதுவரைக்கும் கழியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் எண்ணம். பிள்ளைகள் இல்லாத மனிதர். மனைவி சைகோனிலேயே இறந்துபோனார். கூட்டில் குஞ்சு பொரித்த அன்று அவர் காபிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வார். மற்ற நாளில் ஒன்று.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவதெல்லாம் அம்மாவிடம் கேட்டுப் பழகிய வீட்டுப் பேச்சு. எழுத்து பிரெஞ்சு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அப்படிப் பலர் இருந்தார்கள். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சந்தையில் பொட்டலம் மடித்த தாளில் ஏதாவது படம் இருந்தால் என்னிடம் நீட்டி, "கண்ணாடி கொண்டு வரல, என்ன போட்டிருக்கு பாருங்க" என்பார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். நான் அதைப் பார்க்காதது போல் படித்துச் சொல்வேன்.

கொடி மாறிய அடுத்த வருஷம், பிரெஞ்சுப் பலகைகளை எடுத்துவிட்டுத் தமிழில் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நியாயமான உத்தரவு. சவரிநாதனுக்கு அதில் என்னைவிடச் சந்தோஷம். "இந்தத் தகரத்த இங்க யாரு படிச்சா? இனிமே தமிழ்ல போட்டா தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுங்க" என்றார். பழைய பலகையைத் துடைத்து அவரே கொண்டுபோய் ஆபீசில் ஒப்படைத்தார்.

புதுப் பலகை வந்தபோது நான் அங்கே இல்லை. மார்கழிக் குளிரில் மலேரியா பிடித்து வீட்டில் கம்பளிக்குள் கிடந்தேன். நடந்ததெல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான். பலகை மாட்டுவண்டியில் வந்திருக்கிறது. நல்ல தேக்கு. பச்சைப் பெயிண்டு, மஞ்சள் எழுத்து. வண்டிக்காரனைத் தொடவிடாமல் அவரே குழி வெட்டி, கருங்கல் ஜல்லி போட்டு இடித்து, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து நட்டிருக்கிறார். செவ்வந்தி மாலை ஒன்று போட்டிருக்கிறார். அன்றிலிருந்து தினம் காலையில் எண்ணெய்த் துணியால் துடைத்து, எதிரில் நின்று ஒரு சலாம்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அது ரோடு முடியும் இடம். அந்தப் பக்கம் வரும் மீன்காரப் பெண்களுக்கு எழுத்து தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேர், சர்க்கார் மாறியது, சட்டமும் மாறியிருக்கும் என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். சலாம் வைத்துக்கொண்டு நிற்கும் ஆளிடம் போய் யார் கேட்பார்கள்?

தை பிறந்து காய்ச்சல் விட்டதும் வேலைக்குத் திரும்பினேன். உடம்பில் வலு இல்லாததால் நடக்காமல், ஆற்று வழியாகத் தோணியில் வந்தேன். துறையில் இறங்கினால் பலகையின் முதுகுதான் தெரியும். குடிசை வாசலில் ஒரு ஜீப்பு நின்றது. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர், வெள்ளை வேட்டி, பட்டுச் சட்டை, கூட இரண்டு சினேகிதர்கள். மூவர் தோளிலும் துப்பாக்கி. சவரிநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மன்னிக்கணுங்க ஐயா. துப்பாக்கிய ஆணியில மாட்டிட்டு வாங்க. கழியச் சுத்திக் காட்டுறேன்" என்றார்.

"துப்பாக்கிய மாட்டிட்டு வேட்டைக்கு எப்படிங்க போறது?" என்று மிராசுதார் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். "ஆபீசுல பர்மிட்டே கொடுத்திருக்காங்க."

"இங்க வேட்டை கெடையாதுங்க. பலகையிலயே போட்டிருக்கே, பார்க்கலீங்களா?"

"பார்த்தேனே. பலகையில போட்டிருக்கிறதாலதானே வந்தோம்?"

"அதாங்க நானும் சொல்றேன். பலகையில போட்டிருக்கு."

இரண்டு பேரும் ஒரே பலகையைக் கையால் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். அதற்குள் மிராசுதார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, விரல் வைத்துப் படித்தார்.

"வேட்டைக்கு ஒதுக்கப்பட்ட இடம்."

சவரிநாதன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கலியபெருமாளு, நீங்க படிங்க."

கண்ணாடி கொண்டு வரவில்லை என்று அன்று அவர் சொல்லவில்லை. நான் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த முகத்தை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசை. முடியவில்லை. தினம் காலையில் எண்ணெய் போட்டுத் துடைத்த மனிதர்.

நடந்தது இதுதான். ஆபீசில் ஒரு குமாஸ்தா அகராதியை வைத்துக்கொண்டு ரெசேர்வுக்கு ஒரு சொல், ஷாஸுக்கு ஒரு சொல் பார்த்து இரண்டையும் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லும் சரி. சேர்ந்தால் தலைகீழ். அந்தப் பலகை வாசகத்தை நம்பித்தான் ஆபீசும் பர்மிட் கொடுத்திருக்கிறது.

அந்த நேரத்தில் தலைக்கு மேல் நத்தைகுத்திகள் நாலைந்து, அலகில் சுள்ளியோடு, கழியைப் பார்த்துப் போயின. பேச்சு சலித்துப்போன சினேகிதர் ஒருவர் சட்டென்று துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டுவிட்டார். ஒன்று துறை ஓரத்துச் சேற்றில் விழுந்தது. கழிக்குள்ளிருந்து மொத்தக் கூட்டமும் எழுந்தது. எத்தனையோ வருஷம் அங்கே இருந்திருக்கிறேன், அப்படி ஒன்றாக எழுந்து அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் இல்லை. வெயில் மங்கிவிட்டது. எங்கிருந்துதான் வந்தனவோ, காக்கைகள் மரத்துக்கு மரம் இறங்கத் தொடங்கின.

சவரிநாதன் சேற்றில் இறங்கினார். அந்த நாரைக்கு இன்னும் உயிர் இருந்தது. அது அடங்கும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கரையில் கிடத்தி, தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மூடினார். குடிசைக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"முசியே, வேணாங்க" என்றேன். "சர்க்கார் பலகைங்க. என்னென்னவோ சொல்லுவாங்க."

"தெரியுங்க."

நான் கடப்பாரையில் கை வைக்கப் போனேன். தள்ளிவிட்டார்.

"நீங்க தொடாதீங்க. உங்களுக்கு வேலை இருக்கு, வயசு இருக்கு. இத நட்டவன் நான்."

அவர் நட்ட பலகை லேசில் வருமா? ஜல்லி போட்டு இடித்தது. வேர்த்து ஊற்றியது. மிராசுதார் துப்பாக்கியை ஜீப்பில் வைத்துவிட்டு வந்து, "ஐயா, விடுங்க. நாங்க போயிடறோம்" என்றார். சவரிநாதன் காதில் அது விழவில்லை. கடைசியில் பலகை சாய்ந்தது. எழுத்து மண்ணில் படும்படி கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

ஊர் வாய்க்கு அது போதுமாக இருந்தது. பிரெஞ்சுக்காரனின் ஆள் தமிழ்ப் பலகையைப் பிடுங்கிவிட்டான் என்று சொன்னார்கள். கொடியையே அவமதித்தான் என்று இன்னொரு பக்கம். நாரை செத்தது பற்றி யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் ஆபீசிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது.

புது ஆபீசர் கும்பகோணத்துக்காரர். நெற்றியில் விபூதி, மேஜையில் ஒரு வெற்றிலைப் பெட்டி. குரலை உயர்த்தாத மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். சவரிநாதன் உட்காரவில்லை, அதனால் நானும் நின்றேன்.

"பலகையப் பிடுங்கினது நீங்கதானா?"

"நான்தானுங்க."

"ஏன்?"

அவர் பிரெஞ்சில் ஆரம்பித்தார். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கு அது வராதுங்க. தமிழ்ல சொல்லுங்க, அவசரமில்ல."

சவரிநாதன் தடுமாறினார். சட்டத்தைப் பற்றிப் பேச அவர் அம்மா அவருக்குச் சொல் கொடுத்திருக்கவில்லை. "ரெசேர்வ்னா ஒதுக்குறதுதாங்க. ஆனா இது அப்படி ஒதுக்குறதில்லீங்க. ஷாஸுக்காக இல்லீங்க. ஷாஸ் வராம..." என்று எங்கெங்கோ போனார். குமாஸ்தா அகராதியைப் பிரித்துக் காட்டினார். அதில் இருந்தது இருந்ததுதான். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஆபீசர் அகராதியை மூடி ஓரமாக வைத்தார். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு மாடத்துல ஒரு டப்பா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "எலிமருந்து. அது எலிக்கு மருந்தா?"

சவரிநாதன் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "இல்லீங்க" என்றார். "இல்லீங்க, ஐயா. அதேதாங்க. அதேதாங்க." அந்தப் பனைமரம் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஆபீசர் பர்மிட் புத்தகத்தை வரவழைத்துச் சாசுக்கழிக்குக் கொடுத்த அனுமதிகளை அங்கேயே ரத்து செய்தார். வேறு பலகை வைக்கச் சொன்னார். குமாஸ்தாவைத் திட்டவில்லை. பிறகு வெற்றிலையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"கழி விஷயம் முடிஞ்சுது. உங்க விஷயம் பாக்கியிருக்கு. என்கிட்ட வந்து சொல்லாம சர்க்கார் பலகையக் கடப்பாரை போட்டுப் பிடுங்கியிருக்கீங்க. ஊரு கொதிக்குது. நான் ஒன்னும் செய்யாம இருக்க முடியாதுங்க. பிடுங்கினதுக்கு வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க கழிக்கே போகலாம்."

நான் சவரிநாதன் முழங்கையை இடித்தேன். ஒரு வார்த்தைதானே. சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்போது எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

அவர் விறைப்பாக நின்றார்.

"நட்டதுக்கு வருத்தப்படறேனுங்க" என்றார். "படிக்கத் தெரியாம நட்டேன். தெனம் சலாம் வேற வெச்சேன். அதுக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க. பிடுங்கினதுக்கு வருத்தம் இல்லீங்க."

படிக்கத் தெரியாது என்று ஆபீஸ் முழுக்கக் கேட்க அவர் சொன்னது எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. ஆபீசர் பென்ஷனுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொண்டார், அது அவர் பெருந்தன்மை. ஆனால் பென்ஷன் வரும்வரை துறைமுகத்தில் உப்புக் கிடங்குக்குக் காவல் என்று எழுதினார். கழிக்குப் பொறுப்பு இனி நான். சவரிநாதன் சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தார். படியில் இறங்கும்போது, "கோட்ட வெயில்ல போடுங்க, பூஞ்சை பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

புதுப் பலகைக்கு வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பெயிண்டரிடம் போய், "இங்கே சுடக் கூடாது" என்றேன்.

"எதச் சுடக் கூடாதுன்னு போட வேணாமா அண்ணே?" என்றான்.

"எதையும்தான்யா. எழுது."

அந்தத் தை முழுக்கக் கழி பாதி காலியாகக் கிடந்தது. எழுந்த கூட்டத்தில் பல திரும்பவில்லை. காலிக் கூடுகளுக்கு நடுவே தனியாகக் கோல் போட்டுக்கொண்டு போவேன். பின்னால் குரல் இல்லாததால் கோல் எப்படிப் பட்டாலும் கேட்பாரில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பார்க்கக் கிடங்குக்கு இரண்டு முறை போனேன். கழியைப் பற்றி அவர் கேட்கவில்லை. மூட்டைகளைக் காட்டி, ஈரம் ஏறுகிறது, ஓடு மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்கு நாரைகள் வந்தன. பழைய கூட்டம் அளவு இல்லை, ஆனாலும் வந்தன. குஞ்சு பொரித்திருக்கிறது என்று துறைமுகம் போகிற ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் நடந்தே வந்தார். கோயிலுக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கையில் ஒரு தடி. உடம்பு இளைத்திருந்தது. முகம் மழித்திருந்தது.

நான் ஓடிப்போய், "வாங்க முசியே" என்றேன்.

"பார்க்க வந்திருக்கேனுங்க" என்றார். பார்வையாளராக. பலகைக்கு இப்பாலேயே நின்றார். துப்பாக்கி மாட்டும் ஆணியில் தன் தடியை மாட்டினார். பக்கத்து ஆணியிலிருந்த கோட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்கு மேல் போட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டார். ஒன்றையும் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

பிறகு பலகையின் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"படிக்கட்டுங்களா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க."

விரலை முதல் எழுத்தில் வைத்தார். "இ" என்றார். "இ... ங்... கே." உப்புக் கிடங்கில் மூட்டைகளின்மேல் எழுதியிருந்ததை வைத்துத் தொடங்கினாராம். முதலில் படித்த சொல் உப்பு. பிறகு ஊர்ப் பெயர்கள். அரிச்சுவடி ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டு, பென்ஷன் வாங்கப் போகிற வயதில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து. இதை அன்று அவர் சொல்லவில்லை, பின்னால்தான் சொன்னார். அன்று அவர் விரல் மட்டும் நகர்ந்தது. "சு... ட... க்." அங்கே நின்றது. கழிக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. "கூ" எழுத்தின் சுழி அவரைச் சிரமப்படுத்தியது. எனக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். "கூ... டா... து."

ஒருமுறை முடித்துவிட்டு, முதலிலிருந்து ஒரே மூச்சில் படித்தார். பலகைக் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அதற்குப் பிறகுதான், இரண்டு காலையும் சேர்த்து நின்று, பலகைக்குச் சலாம் வைத்தார்.